குங்குமம் பட்ட ஃபில்டர்

எனக்குத் தபாலில் வந்த பெட்டியை அண்ணை திறந்திருந்தார். திறந்தது மட்டுமல்ல, பாரிஸ் லா சப்பலில் இருக்கும் தன் கடையின் பிள்ளையார் படத்துக்கு முன்னால் வெள்ளிக்கிழமைத் தட்டத்தில் வானத்தைப் படமெடுக்கும் கமராவுக்கான என் கண்ணாடி ஃபில்டரை வைத்து, நடுவில் சந்தனமும் குங்குமமும் இட்டு, பிறகு கல்லாவில் கிடந்த துணியால் அழுத்தித் துடைத்தும் இருந்தார். பகலில் புறநகரில், நாங்கள் இருக்கும் லெ பிளாங்-மெனில் வீட்டில் ஆளில்லை என்று அவருடைய கடை முகவரியைக் கொடுத்த என்னைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும்.

எட்டு மாதம் தேடித் தெரிந்தெடுத்தது. எங்கள் தெருவில் மஞ்சள் விளக்குகளைக் கழற்றி வெள்ளை எல்ஈடி பூட்டிய நாளிலிருந்து பழைய ஃபில்டர் உதவவில்லை. வானத்தை எடுத்தால் படம் முழுக்க வெளுத்துப்போகும். இது தெரு வெளிச்சத்தை மறித்துவிட்டு, ஓரியன் விண்மீன் கூட்டத்து நெபுலாவின், அந்த ஒளிரும் வாயு முகிலின், சிவப்பையும் நீலப்பச்சையையும் மட்டும் கமராவுக்குள் விடும். இன்றும் நாளையும் முகில் இல்லை என்று சொல்லியிருந்தார்கள். அதற்குப் பிறகு ஓரியன் எதிர்க் கட்டடத்துக்குப் பின்னால் இறங்கிவிடும். இனி அடுத்த குளிருக்குத்தான்.

டியூப் லைற்றுக்கு நேரே சரித்துப் பார்த்தேன். கண்ணாடியின் பூச்சு நடுவில் வட்டம் வட்டமாகக் கீறுப்பட்டிருந்தது.

"ஆரைக் கேட்டு உடைச்சனீங்கள்?"

"புதுச் சாமானைச் சும்மா குடுக்கேலுமே, தங்கச்சி? காருக்கும் இப்பிடித்தானே வைச்சனாங்கள்." குரலைத் தாழ்த்தினார். "ஆனா உன்னை ஏமாத்திப்போட்டாங்கள். அதுக்குள்ளாலை ஒண்டும் தெரியேல்லை."

"தெரியக்கூடாது எண்டுதானே வாங்கினனான்."

என் கடிதங்களையும் இப்படித்தான் உடைப்பார், எல்லாம் என் நன்மைக்காக. முப்பத்தெட்டு வயதாகியும் என் பெயருக்கு வருவது எதுவும் அவர் கைபடாமல் எனக்கு வந்ததில்லை.

"அதுதான் வடிவாத் துடைச்சுப்போட்டனே" என்றார்.

தட்டத்தில் மிஞ்சியிருந்த குங்குமத்தில் விரலைத் தோய்த்தேன். அவருடைய மூக்குக்கண்ணாடியை உருவி, இரண்டு வில்லைகளிலும் பொட்டு வைத்து, அதே துணியால் அழுத்தித் தேய்த்தேன். அவர் தடுக்கவில்லை.

"போடுங்கோ."

போட்டார்.

"தவரத்தினம் அண்ணை, இது எவ்வளவு?" வரிசையில் நின்ற பெண் முருங்கைக்காய்க் கட்டைத் தராசில் வைத்தாள். அண்ணை தராசின் எண்களுக்குக் கிட்டக் குனிந்தார். இன்னும் குனிந்தார். கண்களுக்கு முன்னால் சிவப்பாக இரண்டு கலங்கல்கள். அதைக் கழற்றித் துடைக்க அவர் கை எழவேயில்லை.