டயரில் போட்ட பதினொரு தையல்

மழை நாளில் அந்தத் தையல்காரரின் காரை நிறுத்த பிரேக் மட்டும் போதாது. பக்கத்து இருக்கையில் இருக்கும் மனைவியின் வலது காலும் வேண்டும். தையல்காரர் பிரேக்கைத் தொடுவதற்கு முன்பே அந்த அம்மாள் தன் காலடியில் இருக்கும் விரிப்பை ஓங்கி மிதித்துவிடுவார். பதினேழு வயதான அந்தக் கார் இத்தனை நாள் யார்மீதும் மோதாமல் ஓடியதற்கு அந்தக் கால்தான் காரணம் என்று வீட்டில் ஒரு கட்சி உண்டு. அந்தக் கட்சியில் தையல்காரரைத் தவிர எல்லாரும் இருந்தார்கள்.

அன்று காலை இரண்டு கால்களும் மிதித்தன. கார் நிற்கவில்லை. ஈரச் சாலையில் சோப்புக்கட்டி மாதிரி வழுக்கிக்கொண்டு போய், சிவப்பு விளக்கின் வெள்ளைக் கோட்டைத் தாண்டி, ஒரு குழந்தையின் தள்ளுவண்டிக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. குழந்தையின் தாய் திட்டவில்லை. ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். மனைவியும் ஒன்றும் சொல்லவில்லை. கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அவர் எதுவுமே சொல்லாமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

தெருவில் அவருக்கு ‘அரை இஞ்ச்’ என்று பெயர். எந்தச் சட்டை தைத்துக் கொடுத்தாலும், "அரை இஞ்ச் உள்ள விட்டிருக்கேன், நாளைக்குத் தொப்பை போட்டா பிரிச்சுக்கலாம்" என்று சொல்லித்தான் கொடுப்பார். ஊரார் தொப்பைக்கெல்லாம் இடம் விட்ட மனிதர், தன் காரின் டயர் தேய்ந்து மொட்டையானதை நாலு வருடமாகக் குனிந்து பார்க்கவில்லை.

வண்டியை நேராக டயர்க்கடைக்கு விட்டார். கடையை நடத்துவது ஓர் அம்மா. சட்டைக் கையை முழங்கை வரை மடித்து, காதில் பேனா செருகியிருந்தார். காரை ஒருமுறை சுற்றி வந்தவர், பின்பக்கச் சக்கரம் ஒன்றின் முன்னால் நின்றார். குனிந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் குனிந்தார்.

"இது யாரு பண்ண வேலை?"

டயரின் பக்கவாட்டில் வரிசையாகப் பதினொரு தையல்கள் இருந்தன. கோணி ஊசியில், மெழுகு தடவிய நூலில், சீராக, ஒரே இடைவெளியில். கடைசியில் ஓர் இரட்டை முடிச்சு.

"நான்தாங்க. நடைபாதைக் கல்லு உரசி மேல்தோலு பிஞ்சு தொங்குச்சு. காத்து எறங்கல. அதான் பை கிழிஞ்சா தைக்கிற மாதிரி..."

"முப்பது வருஷமா கடை நடத்துறேன். டயர்ல ஆணி பாத்திருக்கேன், ஸ்பூன் பாத்திருக்கேன், ஒரு தடவை பல்செட் கூடப் பாத்தேன். எம்பிராய்டரி இப்பத்தான் பாக்குறேன்." அவர் நிமிர்ந்தார். "வேலை சுத்தமாத்தான் இருக்கு. ஆனா இதுல வீட்டுக்காரம்மாவை ஏத்திக்கிட்டுப் போகாதீங்க."

தையல்காரர் பேச்சை மாற்றுவதற்காக, கடையின் மேல்தட்டில் மின்னிய டயர்களைக் காட்டினார். அகலமான பட்டை, புலி நகம் கீறியது போன்ற கோடுகள். "அதுல ரெண்டு மட்டும் போட்டா? முன்னாடிக்கு?"

"இந்த வண்டிக்கா? வாக்கிங் போற பெரியவருக்கு ஓட்டப்பந்தய ஷூ வாங்குறீங்களே! அதுவும் ஒத்தைக் கால்ல மட்டும்?" என்று சிரித்தார் அந்த அம்மா. "அந்தக் காசுக்கு நாலு சக்கரத்துக்கும் நடுத்தரமானதே வாங்கிடலாம். வெயில், மழை, குளிர் எல்லாத்துக்கும் தாங்குறது. கொஞ்சம் வேகமா வளைஞ்சாலும் பிடியை விடாது. கை கடிக்காது. உங்ககிட்ட சாக்பீஸ் இருக்கா?"

தையல்காரரிடம் சாக்பீஸ் இருக்கிறதா என்று கேட்பது மீனிடம் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்பது மாதிரி. சட்டைப்பையிலிருந்து மஞ்சள் கட்டியை எடுத்தார். அந்த அம்மா ஓர் அட்டையைச் சக்கரத்தின் அடியில் முன்பக்கமாகச் செருகினார். அது முட்டி நின்ற இடத்தில் கோடு போடச் சொன்னார். பின்பக்கம், இடப்பக்கம், வலப்பக்கம் என்று அதேபோல் நாலு கோடுகள். பிறகு காரை ஓரடி முன்னால் தள்ளச் சொன்னார்.

தரையில் ஒரு மஞ்சள் சதுரம் இருந்தது.

"இவ்வளவுதான்," என்றார் அந்த அம்மா. "டயரு எவ்வளவு பெருசா இருந்தாலும் ரோட்டைத் தொடுறது இவ்வளவுதான்."

தையல்காரர் அந்தச் சதுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கோ பார்த்த அளவாக இருந்தது. கைப்பையைத் துழாவி, சட்டைப்பை வெட்டுவதற்கான அட்டை மாதிரியை எடுத்துத் தரையில் வைத்தார். கச்சிதமாகப் பொருந்தியது. சுற்றிலும் அரை இஞ்ச்கூட மிச்சமில்லை.

முப்பது வருடத்தில் எத்தனை ஆயிரம் சட்டைப்பை தைத்திருப்பார்! பேனாவையும் மூக்குக்கண்ணாடியையும் வைப்பதற்கு மேல் அந்தத் துண்டுத் துணிக்கு ஒரு வேலையும் இருப்பதாக அவர் நினைத்ததில்லை. அந்த அளவில் நாலே நாலு. அவ்வளவு பெரிய இரும்பும், அதற்குள் இருக்கும் மனைவியும், மனைவியின் வலது காலும், எதிரே தள்ளுவண்டியில் வந்த குழந்தையும் அந்த நாலு சட்டைப்பைகளை நம்பித்தான் உயிரோடு இருக்கிறார்கள். ரோட்டில் போகும் ஒவ்வொரு வண்டியையும் திரும்பிப் பார்த்தார். எல்லாமே சட்டைப்பைகளின் மேல் பறந்துகொண்டிருந்தன.

"மழையில, டயர்ல இருக்கிற இந்தக் கோட்டு வழியா தண்ணி பிதுங்கி வெளிய ஓடணும். கோடு தேஞ்சிருந்தா தண்ணிக்குப் போக்கிடம் இல்ல. வண்டி தண்ணி மேல மிதக்கும். அப்புறம் பிரேக்கும் இல்ல, ஸ்டியரிங்கும் இல்ல," என்றார் அந்த அம்மா. புது டயரின் பக்கவாட்டில் இருந்த நாலு எண்களைத் தடவிக் காட்டினார். முதல் இரண்டு எண்கள் டயரைச் செய்த வாரம். அடுத்த இரண்டு எண்கள் செய்த வருடம். "சேலைக்கு விளிம்பு பாக்குற மாதிரி, டயருக்கு இதைப் பாத்து வாங்கணும். பளபளப்பைப் பாத்து வாங்கக் கூடாது."

நாலும் மாட்டியாயிற்று. பழைய நாலையும் மூலையில் போட்டுவிட்டு, அந்த அம்மா ஒரு வளைந்த கத்தியை எடுத்தார்.

"எதுக்கு?"

"அறுக்கத்தான். கழட்டின டயரை அறுக்காம இந்தக் கடையை விட்டு வெளிய விட மாட்டேன். முழுசா விட்டா, எவனாவது கோட்டைக் கீறிக் கறுப்பு மை பூசி வித்துருவான்."

சக்கரங்களின் கோணத்தைச் சரிபார்க்கும் கூலிக்குத்தான் தையல்காரரின் கையில் பணம் இடித்தது. தெருமுனையில் பழைய டயர் வாங்குகிறவர் ஒருவர் வண்டியோடு நிற்பதை அவர் வரும்போதே பார்த்திருந்தார்.

"அறுக்காதீங்கம்மா. வீட்டுல பூச்செடி வைக்கலாம்னு..." என்றார்.

அந்த அம்மா அவரை ஒரு நிமிடம் பார்த்தார். "செடிக்கா?" என்றார். பிறகு கத்தியைக் கீழே வைத்தார்.

தெருமுனையில் பேரம் இரண்டே நிமிடத்தில் முடிந்தது. மனசு கேட்காமல் தையல்காரர் ஒரு கேள்வி கேட்டார்: "இதை யாருங்க வாங்குவாங்க?"

"இல்லாதப்பட்டவங்க இருக்காங்கல்ல சார். அவங்களுக்கு இதுவே போதும்."

அதைக் கேட்டதும் தையல்காரருக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதிகூட வந்தது. ஏதோ தானம் செய்துவிட்டது போல.

அன்று மாலை மழை கொட்டியது. அதே சிவப்பு விளக்கு. மனைவியின் கால் பழக்கதோஷத்தில் விரிப்பை நோக்கிப் போனது. அது போய்ச் சேருவதற்குள் கார் நின்றுவிட்டது. கோட்டுக்கு இந்தப் பக்கமே, பூனை உட்கார்வது போல.

"நின்னுடுச்சுங்க!" என்றார் மனைவி, கோயிலில் பேசுவது போன்ற குரலில்.

இரண்டு வாரம் கழித்து ஒரு மதியம், தையல்காரரின் தங்கை பிள்ளைகள் இருவரையும் கூட்டிக்கொண்டு வந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ். அண்ணன் வைத்திருக்கும் அதே ரகக் காரை, அவருடையதைவிடப் பழையதாகப் பார்த்து வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தாள். தினமும் ஒரு நீளமான மேம்பாலம் ஏறி இறங்க வேண்டும்.

"அண்ணே, நீ மட்டும்தான் டயர் மாத்துவியா? நானும் நாலும் மாத்திட்டேன். உன் விலையில பாதி கூட இல்ல. வந்து பாரு!"

வெளியே வானம் இருட்டிக்கொண்டிருந்தது. டயர்கள் நாலும் மை போலக் கறுத்து மின்னின. கோடுகள் ஆழமாகத் தெரிந்தன. இரண்டு வாரத்தில் டயர் நிபுணராகிவிட்ட தையல்காரர், சாக்பீஸை எடுத்துக்கொண்டு சம்மணமிட்டு உட்கார்ந்தார். சட்டைப்பை வித்தையைக் காட்டிப் பிள்ளைகளை வாய்பிளக்க வைக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை.

"மாமா, அதுக்கு முன்னாடி நம்பர் பாக்கணும்னு சொன்னீங்களே?" என்றாள் மூத்தவள்.

"ஆமா, நம்பர்." நாலு எண்களைத் தேடினார். வெளிப்பக்கம் காணவில்லை. உள்பக்கம் இருக்குமோ என்று கையை வளைத்து, சக்கரத்தின் பின்புறத்தைத் தடவினார்.

விரல் நின்றது.

பூசிய மையின் அடியில் ஒரு மேடு. அதையடுத்து இன்னொரு மேடு. ஒரே இடைவெளியில். கண்ணால் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. அவர் விரல் தானாகவே எண்ணிக்கொண்டு போனது. ஒன்பது, பத்து, பதினொன்று. கடைசியில் இரட்டை முடிச்சு.

முதல் மழைத்துளி அவர் கழுத்தில் விழுந்தது. இத்தனை நாளாக இந்த நாலு சட்டைப்பைகளின் மேல்தான் தங்கை பாலம் ஏறி இறங்கியிருக்கிறாள். பிள்ளைகள் பின்சீட்டில் பாடிக்கொண்டு வந்திருக்கின்றன. ஒன்றும் ஆகவில்லை. எப்படி ஆகாமல் இருந்தது என்றுதான் அவருக்குத் தெரியவில்லை.

"சாவியைக் குடு."

"என்னண்ணே?"

"குடுன்னா குடு. இந்த வண்டி இங்கிருந்து ஒரு அடி நகராது."

தன் காரிலேயே மூவரையும் வீட்டில் கொண்டுபோய் விட்டார். பாலத்தில் தண்ணீர் ஆறாக ஓடியது. இறங்கும்போதுதான் எல்லாவற்றையும் சொன்னார்: செடி, பொய், தெருமுனை, "அவங்களுக்கு இதுவே போதும்" என்ற பேச்சு. தங்கை கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் குடையைக்கூட விரிக்காமல் நின்றாள்.

"நல்லவேளை அண்ணே, எனக்கு வந்துச்சு," என்றாள் கடைசியில். "வேற யாருக்காவது போயிருந்தா அவங்களுக்கு உன் தையல் தெரியாதே."

அன்று இரவே தையல்காரர் தங்கையின் வண்டியைச் செங்கல் மேல் நிறுத்தி, நாலு சக்கரத்தையும் கழற்றினார்.

மறுநாள் காலை நாலு டயரையும் டயர்க்கடை வாசலில் இறக்கினார். கூடவே, பட்டனுக்குக் காஜா எடுக்கும் மெஷினுக்காக மூன்று வருடமாகச் சேர்த்த பணத்தையும் கொண்டுவந்திருந்தார். தங்கை வண்டிக்கு, தான் போட்ட அதே நடுத்தர டயர் நாலு. காஜாவைப் பழையபடி கையிலேயே எடுத்துக்கொள்ளலாம். கை இருக்கிறது, தங்கையும் இருக்கிறாள்.

டயர்க்கடை அம்மா மை பூசிய டயரைத் திருப்பிப் பார்த்தார். தையலைப் பார்த்தார்.

"செடி நல்லா வளர்ந்திருக்கு," என்றார்.

"பொய் சொல்லிட்டேம்மா. கத்தியைக் குடுங்க. நானே அறுக்குறேன்."

கோடு போடாமல் அவர் எதையும் வெட்டியதில்லை. அன்று சாக்பீஸைத் தொடவே இல்லை. நாலையும் குறுக்கே அறுத்தார். தையல் இருந்த துண்டை மட்டும் தனியாக வெட்டி எடுத்துக்கொண்டார்.

அந்தக் கறுப்புத் துண்டு இப்போது அவர் தையல் கடைச் சுவரில், அளவு நாடாவுக்குப் பக்கத்தில் தொங்குகிறது. அளவு கொடுக்க வருகிறவர்கள் அது என்னவென்று கேட்காமல் போவதில்லை. ‘அரை இஞ்ச்’ அவர்களை வாசலுக்குக் கூட்டிவந்து, அவர்கள் வண்டிச் சக்கரத்துக்கு அடியில் மஞ்சள் கோடு போட்டு, சட்டைப்பை அட்டையை வைத்துக் காட்டுவார். அவர்கள் வாய் பிளக்கும்வரை காத்திருந்து, பிறகு சொல்வார்:

"அது நான் தைச்சதுங்க. நமக்கு ஆகாது, அடுத்தவங்களுக்குப் போதும்னு வித்துட்டேன். தடவிப் பாத்தா, அந்த அடுத்தவங்க என் தங்கச்சி. நம்ம பிள்ளையை ஏத்தத் துணியாததை யாருக்கும் விக்காதீங்க. ரோட்டுல வர்ற எல்லாருமே யாரோ ஒருத்தருக்குத் தங்கச்சிதான்."