டெஸ்டருக்கு வைத்த சந்தனம்

ஆயுத பூஜைக்கு மறுநாள், ஆலங்குடி முந்திரிக் கம்பெனி ஆபீஸில் புதிதாக இழுத்த நெட்வொர்க் கேபிள்களைச் சோதிக்க உட்கார்ந்தார் செம்மல். டெஸ்டரில் செருகிய முதல் கேபிள் ஃபெயில். அடுத்ததும் ஃபெயில். அதற்கடுத்ததும்.

தப்பு தன் பக்கம் இருக்கலாம் என்ற நினைப்பு செம்மலுக்கு எப்போதுமே கடைசியாகத்தான் வரும். முதலில் கேபிள் தயாரித்தவனைத் திட்டினார். பிறகு, முனைகளில் பிளக் மாட்டிய கூட்டாளி அருள்தாஸைப் பிடித்துக்கொண்டார்.

"என்னய்யா கிரிம்ப் பண்ணிருக்க? இங்கிட்டு வந்து பாரு!"

கோபத்தோடு பாதிக் கேபிள்களின் முனைகளை வெட்டியெறிந்து, தானே புது பிளக் மாட்டினார். அப்போதும் ஃபெயில்.

"அண்ணே, டெஸ்டர் ஓட்டைக்குள்ள என்னமோ மஞ்சளா தெரியுதே?" என்றார் அருள்தாஸ்.

செம்மல் குனிந்து பார்த்தார். காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம். முந்தின நாள் பயபக்தியோடு அவரே அப்பியது.

சுரண்டித் துடைத்துவிட்டு மறுபடி சோதித்தார். அருள்தாஸ் மாட்டியவை அத்தனையும் பாஸ். செம்மல் கோபத்தில் மாட்டியவை மட்டும் ஃபெயில்.

செம்மல் டெஸ்டரைக் கீழே வைத்தார்.

"பேசாம அந்தச் சந்தனத்த மறுபடியும் அப்பிரலாம்யா. எல்லாமே ஃபெயிலா இருந்தப்ப எனக்குக் கொஞ்சமாச்சும் மரியாத இருந்துச்சு."