நஸார் ஏற்றிய சார்ஜ்

ரைஸாவின் வீட்டில் ஒரு பேட்டரிப் பெட்டி இருந்தது. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் என்று கரண்ட் போகிற, போர் நடக்கும் உக்ரைனின் ஜிட்டோமிர் நகரத்தில், அப்படியொன்றை வைத்துக்கொண்டும் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சூப் குடிக்கிறவள் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

"அதை என்ன சாமிப் படமாவா வெச்சிருக்க?" என்று எட்டாவது மாடி ஸினாயிடா கேட்பாள். "எங்கிட்ட அவ்வளவு பெருசு இருந்தா, தினம் கேக் சுட்டு, முடிக்கு டிரையர் போட்டு, சினிமாக்காரி மாதிரி திரிவேன்."

ரைஸா மெழுகுவர்த்தியின் திரியைக் கிள்ளிவிடுவாள்.

பெட்டி அக்டோபரில் வந்தது. மகன் நஸாரைப் புதைத்துப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. அவனுடைய படைப்பிரிவிலிருந்து ஒருவன், அவன் துணிப்பையோடு இதையும் கொண்டுவந்து வைத்தான். பூட்ஸைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான்.

"சார்ஜ் இருக்கும்மா. அன்னிக்குக் காலையில அவன்தான் ஜெனரேட்டர்ல போட்டு ஏத்தினான். அதுக்கப்புறம் யாரும் தொடல."

அவன் போனபின் ரைஸா பொத்தானை அழுத்திப் பார்த்தாள். சார்ஜ் சதவீதம் 43 என்று எரிந்து, சில நொடிகளில் அணைந்தது. துணிகளைத் துவைத்தாயிற்று, இனி அவற்றில் சோப்பு வாசனைதான். அவன் தொலைபேசி கிடைக்கவே இல்லை. கடைசி நாள் காலையில் அவன் கையால் செய்தது என்று மிச்சமிருந்தது இந்த எண் ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒருமுறை பார்ப்பாள். ஒன்றும் செருகாவிட்டாலும் அது தானாகக் குறைந்தது. நவம்பரில் 41. கிறிஸ்துமஸுக்கு 38. இதை யாரிடமும் அவள் சொன்னதில்லை. எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை.

ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை. மின்வெட்டுப் பட்டியல்படி ஒன்பது மணிக்குத்தான் கரண்ட் போகவேண்டும். விடியற்காலை துணைமின் நிலையத்தில் ஏவுகணை விழுந்ததில் ஐந்துக்கே போய்விட்டது. பதினொன்றரைக்கு ஸினாயிடா கதவைத் தட்டினாள். வீட்டு அங்கியோடு, தலை வாராமல் நின்றாள்.

"ரைஸா, எங்க வீட்டுக்காரரோட ஆக்சிஜன் மெஷின் நின்னுடுச்சு. காலையில எழுந்து சார்ஜ் போட்டுக்கலாம்னு இருந்தேன், பட்டியலை நம்பி. மிச்சமிருந்ததை விட்டு விட்டுப் போட்டு ஓட்டினேன், இப்ப எங்க பெட்டியும் தீந்துபோச்சு. ஆம்புலன்ஸ் வர ரெண்டு மணி நேரம் ஆகுமாம். உதடு நீலமாகுது ரைஸா."

ரைஸா அசையாமல் நின்றாள். இரண்டு மூச்சு விடும் நேரம் இருக்கலாம். அந்த இரண்டு மூச்சுக்காகப் பிற்பாடு பல நாள் வெட்கப்பட்டாள்.

"வா, தூக்கு," என்றாள்.

இருபத்திரண்டு கிலோ. கரண்ட் இல்லாமல் லிஃப்ட் ஓடாது. ஐந்தாவது மாடியிலிருந்து எட்டுவரை, திருப்பத்துக்குத் திருப்பம் இறக்கிவைத்து ஏறினார்கள்.

பிளக்கைச் செருகியதும் மெஷின் உறுமத் தொடங்கியது. 37.

ஸினாயிடாவின் கணவர் ப்ரோகிப் முப்பது வருடம் டிராலிபஸ் என்கிற மின்சார பஸ் ஓட்டியவர். மூக்கில் குழாயோடு நாற்காலியில் சாய்ந்திருந்தார். அரை மணி கழித்து முகத்தில் நிறம் திரும்பியது, வாயும் திரும்பியது.

"என்ன ரைஸா, என்னைப் பாக்காம பெட்டியையே பாக்குற? அவ்வளவு அசிங்கமாவா இருக்கேன்?"

"பேசாதய்யா, சார்ஜ் தீந்துடும்," என்றாள் ஸினாயிடா.

29. 24. 17. ரைஸா மடியில் கைகளை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். அந்தக் கிழவரின் நெஞ்சு ஏறி இறங்கியது. அதற்குள் போய்க்கொண்டிருப்பது எது என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

ஒன்றரைக்குக் கரண்ட் வந்தது. எல்லா மாடிகளிலும் கதவுகள் அடித்துக்கொண்டன. வாஷிங் மெஷின்கள் கிளம்பின. ரைஸா எண்ணைப் பார்த்தாள். 4.

அவள் குனிந்து பெட்டியைப் பிடிப்பதற்குள் லிஃப்டில் ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து இறங்கினார்கள். அறை நிரம்பிவிட்டது. "சம்பந்தமில்லாதவங்க வெளியில போங்க," என்றார் டாக்டர்.

"நீ போ, நானே கொண்டுவந்து தரேன்," என்றாள் ஸினாயிடா.

"சார்ஜ் போடாத ஸினா. எப்படி இருக்கோ அப்படியே குடு."

"சரி சரி, போ."

அந்தக் கட்டடத்தில் யாரும் எதையும் வெறுமையாகத் திருப்பித் தருவதில்லை. இரவல் போன வாணலி அப்பத்தோடு வரும். இந்த இரண்டு குளிர்காலங்களாகப் பேட்டரிப் பெட்டிக்கும் அதே வழக்கம்தான்: வாங்கியவர் முழுக்க ஏற்றித் தரவேண்டும். கொடுத்தவர் வேண்டாம் என்பார். அது மரியாதைக்குச் சொல்வது. யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

ஐந்து மணிக்கு ஸினாயிடா லிஃப்டில் இறங்கி வந்தாள். கடைக்குப் போகிற தள்ளுவண்டியில் பெட்டி. அதன் மேல் துண்டு சுற்றிய கிண்ணத்தில் செர்ரிப்பழக் கொழுக்கட்டை.

"ஊசி போட்டாங்க, நல்லா மூச்சு விடுறாரு. ஆஸ்பத்திரி வேண்டாமாம். போடாதன்னு சொன்னா விட்டுடுவேனா? நான் என்ன காட்டுமிராண்டியா?" என்று பொத்தானை அழுத்திக் காட்டினாள்.

100.

ரைஸா செருப்பு மாட்டும் முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன ஆச்சு? கெடுத்துட்டேனா?"

"இதுல நாலு, அவன் ஏத்தினது."

"எவன்?"

"நஸார்."

ஸினாயிடா சுவரோடு நின்றாள். அடுத்த வீட்டு வாஷிங் மெஷின் சுற்றி, வேகம் குறைந்து, நின்றது. "மறுபடி இறக்கிடலாமா... நாலு வர்ற வரைக்கும்?" என்றாள்.

"எது அவனோடதுன்னு எப்படித் தெரியும் ஸினா?"

குரலில் கோபம் இல்லை. அப்போது விளக்கு அணைந்தது. பட்டியலில் ஏழு மணி என்று இருந்தது.

"உங்க பெட்டியில எவ்வளவு இருக்கு?" என்று இருட்டில் ரைஸா கேட்டாள்.

ஸினாயிடா தள்ளுவண்டியைப் பின்னால் இழுக்கும் சத்தம் கேட்டது.

"கேக்குறேன்ல."

"ரெண்டையும் ஒண்ணா போட்டா ஃபியூஸ் போயிடும். உன்னோடதை முதல்ல போட்டேன். எங்களோடது... ஆறோ ஏழோ."

"பைத்தியமே," என்று எழுந்தாள் ரைஸா. கிண்ணத்தை எடுத்துத் தரையில் வைத்தாள். பெட்டியின் கைப்பிடியைத் தடவிப் பிடித்தாள்.

ஏழாவது மாடித் திருப்பத்தில் ஸினாயிடாவுக்கு அழுகை வந்து கால் தடுக்கியது.

"அழாத. மூச்சு வாங்கும். இன்னும் ஒரு மாடிதான்."

மேலே ரைஸா பிளக்கைச் செருகினாள். மெஷின் உறுமியது. ஸினாயிடா பெட்டியின் முன்னால் தரையில் உட்கார்ந்து, எண்ணிலிருந்து கண்ணை எடுக்காமல் இருந்தாள்.

"ரெண்டு பேருக்கும் என்ன ஆச்சு?" என்றார் ப்ரோகிப். "எவ்வளவு நேரம் தாங்கும்?"

"ஆறு மணி நேரம்," என்றாள் ரைஸா.