இரண்டாவது மடிப்பு

என் மச்சான் கார் ஃபேக்டரியில் வேலை பார்ப்பவன். லீவில் வந்தவனை என் மனைவி விடவில்லை. "உன் மாமா கடையில தினமும் டெலிவரி லேட்டு. என்னன்னு பாருடா" என்று அனுப்பிவிட்டாள்.

கடை என்றால் சலவைக்கூடம். லாட்ஜுகளின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் கொடுக்கிறோம். பெரிய லாட்ஜின் மேனேஜர் அந்த வாரம்தான் கறாராகச் சொல்லியிருந்தார். பன்னிரண்டு மணிக்குள் சரக்கு வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வாராம்.

மச்சான் ஒன்பது மணிக்கு வந்து, ஸ்டூலைப் போட்டு நோட்டும் கையுமாக உட்கார்ந்தான்.

"என்னத்தத் தேடுற?"

"வீண் வேலை மாமா. யாருக்கும் பிரயோஜனமில்லாம நடக்கறது எதுன்னு."

"அப்போ முதல்ல உன் பேரை எழுது."

மூன்றாம் நாள் நோட்டை நீட்டினான். "ஒவ்வொரு விரிப்பையும் ரெண்டு தடவை மடிக்கிறீங்க மாமா."

எனக்குச் சுருக்கென்றது. இஸ்திரிக்காரர் மடித்து வைப்பதை என் அண்ணி ஒவ்வொன்றாகப் பிரித்து, கறை இருக்கிறதா என்று பார்த்து, திரும்ப மடிப்பார். அண்ணன் இறந்தபின் இரண்டு வருஷமாக அண்ணி இங்கேதான். அவர் வந்த புதிதில் கறையோடு ஒரு விரிப்பு லாட்ஜுக்குப் போய்விட்டது. நான் தாம்தூமென்று குதித்து, "இனிமே ஒண்ணு விடாம பிரிச்சுப் பாருங்க" என்று கத்தினேன். கத்தியதோடு மறந்தும் போனேன். அண்ணி மறக்கவில்லை.

"அக்கா, இந்த வாரம் எத்தனை கறை பிடிச்சீங்க?" என்று மச்சான் அண்ணியிடம் கேட்டான்.

"நாலு."

கறைபட்டதைப் போடும் வாளி தூசி படிந்து காலியாகக் கிடந்தது. எல்லோரும் அதைப் பார்த்தோம். அண்ணியின் முகம் வெளிறிப்போனது.

"ஒண்ணும் இல்ல தம்பி" என்றார் என்னிடம். "ஆறு மாசமா ஒண்ணுமே இல்ல. சொன்னா, வேலை இல்லையே, வீட்டுல இருங்கன்னு சொல்லிடுவீங்களோன்னு பயம். அந்த வீட்டுல பகல் பூரா தனியா இருக்க முடியல."

அப்போதே ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். வண்டிக்காரர் ஹாரன் அடித்தார், நான் மூட்டையைத் தூக்கப் போய்விட்டேன். மடையன்.

மறுநாள் அண்ணி வரவில்லை. அவருடைய மேஜையை ஓரம் கட்டினோம். முந்தின நாளே துவைத்து வைத்திருந்த சரக்கு பதினொன்றரைக்கே போய்ச் சேர்ந்தது. மச்சான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

அதற்கடுத்த நாள் இஸ்திரிக்காரர் கத்தினார். அண்ணி வராத அன்று துவைத்ததில் பத்தொன்பது விரிப்பில் கறை. எல்லாம் மறுபடி தண்ணீருக்குப் போனது. சரக்கு கிளம்ப மணி இரண்டாகிவிட்டது. மேனேஜர் போனில் என்னை உண்டு இல்லை என்று ஆக்கினார்.

"இது எப்படிய்யா திடீர்னு?" என்று நான் எகிறினேன்.

மெஷினில் துணி போடும் அம்மா நிதானமாகச் சொன்னார்: "காலைல ஏழு மணிக்கே வந்து அழுக்கு மூட்டையைப் பிரிச்சு, கறையை மட்டும் தனியா ஊற வெக்கறது உங்க அண்ணிதானே. நீங்க எல்லாம் ஒன்பதுக்கு வர்றவங்க."

மச்சான் நோட்டை மூடினான். நான் நேரே அண்ணி வீட்டுக்குப் போய், பத்தொன்பது விரிப்பு கறையோடு வந்ததைச் சொன்னேன்.

"காலைல கறையை ஊற வெக்கறதை ஏன் அண்ணி சொல்லல?"

"அது நீங்க குடுத்த வேலை இல்லையே தம்பி. தூக்கம் வராது, சீக்கிரம் வந்துடுவேன். சும்மா இருக்கற நேரத்துல செஞ்சது. அதெல்லாம் ஒரு வேலையா?"

"அதுதான் அண்ணி வேலை. மடிச்சதைப் பிரிச்சது வேலையே இல்ல. என்னோட கோபம். ரெண்டு வருஷமா அதைச் சுமந்திருக்கீங்க. என்னை மன்னிச்சிடுங்க."

அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"அந்தப் பத்தொன்பதும் டீக் கறையா, ரத்தக் கறையா?"

"தெரியலையே அண்ணி."

"தெரியாமயா திரும்ப மெஷின்ல போட்டீங்க? சுடுதண்ணி பட்டா ரத்தக் கறை போகவே போகாதே!" என்று அதட்டியபடி செருப்பை மாட்டினார்.