அரை அவுன்ஸ்

“உலகத்திலை பொய் சொல்லாதது இரண்டே இரண்டுதான். ஒண்டு கடவுள். மற்றது இந்தத் தராசு. கடவுளிலை எனக்குக் கொஞ்சம் ஐமிச்சம் இருக்கு,” என்றார் சுந்தரலிங்கம்.

அவர் பகிடிக்குச் சொல்லவில்லை என்பதால் வரிசையில் நின்ற பெண்கள் யாரும் சிரிக்கவில்லை. காலை ஏழு மணி. மகாவலியிலிருந்து எழுந்த பனி கட்டுகஸ்தோட்டை நெசவு மண்டபத்துக்குள் புகுந்து தறிகளின்மேல் உட்கார்ந்திருந்தது. அவர் ஒவ்வொருத்திக்கும் கம்பளி நூலை நிறுத்துக் கொடுத்தார். மாலையில் நெய்த துணியையும் அறுந்த துண்டுகளையும் சேர்த்துத் திரும்ப நிறுப்பார். ஏழைப் பெண்கள் கைவேலை பழகட்டும் என்று துரைசாணிமார் சிலர் தொடங்கிய மண்டபம் அது. ஏழைப் பெண்கள் திருடுவார்கள் என்றும் துரைசாணிமாருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். ஆகவே யாழ்ப்பாணத்திலிருந்து சுந்தரலிங்கத்தை ஸ்டோர் மாஸ்டராக வரவழைத்திருந்தார்கள்.

மாசி வெயிலில் பகல் முழுக்கத் தகரக் கூரை கொதித்தது. மேற்கு ஜன்னலோரத் தறியில் இருந்த மூக்காயியின் துணி இரண்டு நாளாக அரை அவுன்ஸ் குறைந்தது. மூன்றாம் முறை குறைந்தால் வேலை போய்விடும். தேயிலை விலை விழுந்தபோது ஹுன்னஸ்கிரியத் தோட்டத்து வேலைப் பதிவில் பேர் வெட்டப்பட்டு, நெஞ்சு நோயாளிப் புருஷனோடு டவுனுக்கு வந்தவள் அவள். இந்தத் தறியும் போனால் அடுத்து எங்கே போவதென்று அவளுக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் மாலை, செம்புத் தண்ணீரில் விரலை நனைத்து அவள் துணிமேல் தெளித்துக்கொண்டிருந்தபோது சுந்தரலிங்கம் பின்னால் வந்து நின்றார்.

“என்ன, துணிக்குத் தாகமோ?”

“வெயிலுக்கு நூலு காஞ்சு போகுதுங்க ஐயா. காலையில பனியோட நிறுக்கிறீங்க. அந்த ஈரந்தாங்க கொறையுது.”

“அப்ப பனியையும் நான்தான் நிறுத்துத் தந்தனானோ? கேட்டியளே எல்லாரும்! இவளின்ரை துணிக்குத் தீர்த்தம் தெளிக்க வேணுமாம். நாளைக்கு மாலையும் போடுவாள்!”

பக்கத்துத் தறியிலிருந்த மஸீனா முக்காட்டைச் சரிசெய்தாள். “மாஸ்டர், அவள் சொல்லுறது சரிதான். என்ட தறி நெழல்ல ஈக்கிறதால நான் தப்பினன். ஒரு நாளைக்கு அவள இங்கால ஒக்கார வெச்சுப் பாருங்களே.”

“உனக்கும் பங்கு வாறதோ?”

மஸீனா குனிந்து தன் தறியைப் பார்த்தாள்.

சுந்தரலிங்கம் மூக்காயியின் கொண்டையை அவிழ்க்கச் சொன்னார். மடியை உதறச் சொன்னார். வெற்றிலைப் பையைத் தானே கொட்டினார். ஒரு இழை நூலும் அகப்படவில்லை. அகப்படாததே அவளுடைய கெட்டித்தனத்துக்கு அத்தாட்சி என்று துரைசாணிக்கு எழுதியனுப்பினார். அவளுடைய பேர் இங்கேயும் வெட்டப்பட்டது.

கள்ளி பிடிபட்ட உற்சாகத்தில் பெரிய துரைசாணி ஆளிடம் சீட்டுக் கொடுத்தனுப்பினார்: சனிக்கிழமை மத்தியானம் ஸ்டோர் நூல் முழுவதையும் தன் கண்முன் நிறுக்க வேண்டும். குறைந்தால் பொறுப்பு ஸ்டோர் மாஸ்டருக்கு. சுந்தரலிங்கம் அதைப் பெண்களுக்கு உரத்து வாசித்துக் காட்டினார்.

சனிக்கிழமை பத்து மணிக்குத் தனியாக நிறுத்துப் பார்த்தார். மார்கழி மழையில் நூல் வந்திறங்கிய அன்று அவர் கைப்பட எழுதிய எடையில், பெண்களுக்குக் கொடுத்ததைக் கழித்தும், இப்போது மூன்று இறாத்தல் குறைந்தது.

பூட்டைப் பார்த்தார். ஜன்னல் கம்பிகளை ஒவ்வொன்றாக அசைத்தார். எலிப்புழுக்கை தேடினார். ஸ்டோர்ப் பூட்டுக்கு ஒரே திறப்பு. அது அவருடைய இடுப்பில் கிடந்தது. கடைசியில் தன் கோட்டுப் பைகளையே வெளியே இழுத்துப் பார்த்தார்.

“ஐயா...” மூக்காயி ஜன்னலடியில் வெயிலில் நின்றாள். “இன்னைக்குத் துரைசாணி வாறாங்களாமே. நான் எடுக்கலன்னு ஒரு வார்த்த சொல்லுங்க.”

“இப்ப நேரமில்லை. போ.”

ஜன்னலைச் சாத்தினார். கதவைத் தாழிட்டார். தண்ணீர்க் கூசாவின் மூடியை எடுத்து, ஐந்து விரலையும் நனைத்து, முதல் கட்டின்மேல் தெளித்தார். நிறுத்துப் பார்த்தார். விரல் போதவில்லை.

“ஐயா,” என்று வெளியே மறுபடியும் கேட்டது.

சுந்தரலிங்கம் பேணி நிறையத் தண்ணீர் மொண்டார். சத்தம் வெளியே போகாதபடி நூலின்மேல் கொஞ்சம் கொஞ்சமாகச் சரித்தார்.