மாப்பிள்ளை முட்டை தின்ற கதை

"மாப்பிள்ளைக்குச் சொந்தமா வீடு கட்டத் தெரியுது. நீங்கதான் கல்யாணமான நாள்லேருந்து என்னை வாடகை வீட்டுலயே வச்சிருக்கீங்க."

தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமலே அவள் சொன்னாள். அவர் மீன் தொட்டியின் முன்னால் குந்தி உட்கார்ந்திருந்தார்.

"இவன் கட்டினது எச்சில் வீடுடி. உனக்கு அது போதுமா?"

"எச்சிலோ சிமென்ட்டோ, சொந்தமாச்சே."

அவருக்குக் கண்ணாடிக் கடையில் வெட்டுகிற வேலை. மிஞ்சும் துண்டுகளை ஒட்டித் தொட்டி செய்வார். சமையலறை ஜன்னல், அலமாரித் தட்டு, கட்டிலடி எங்கும் ஃபைட்டர் மீன்கள்தான். ஒன்றையொன்று பார்த்தால் சிலிர்த்துக்கொண்டு சண்டைக்கு நிற்கும் என்பதால் ஜாடிக்கும் ஜாடிக்கும் நடுவே அட்டை செருகியிருக்கும்.

மாப்பிள்ளை என்பது அவர் வைத்த பேர். வெள்ளை உடம்பு, துடுப்போரம் மட்டும் மை தொட்டு இழுத்த மாதிரி நீலம். அந்த நிறத்தைக் கொண்டுவர அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை. கூடப் பிறந்ததெல்லாம் செத்துப்போய் இவன் ஒருத்தன்தான் மிச்சம், இவனுக்கும் வயதாகிவிட்டது. எப்படியோ ஒரு பெட்டையோடு சேர்ந்து, தண்ணீரின் மேல் எச்சிலைக் குமிழி குமிழியாய் ஊதிக் கூடு கட்டியிருந்தான். அதில் கடுகைவிடப் பொடியாக முட்டைகள் ஒட்டியிருந்தன. இது பொரித்தால்தான் அந்த நிறத்துக்கு வம்சம்.

அந்த நேரம் பார்த்து அவருடைய அண்ணனுக்குக் கண் ஆபரேஷன்.

"நாளைக்கு மத்தியானம் வந்துடுவேன். பெட்டையை எடுத்து வேற ஜாடியில விட்டுட்டேன். இனிமே எல்லாம் அவன் பாத்துப்பான், நீ ஒண்ணும் தொட வேண்டாம். ஏன்னா, முட்டை கீழ விழுந்துச்சுன்னா அவன்..."

"மீன் புராணத்தை ஆரம்பிச்சாச்சா? பஸ் போயிடும், கிளம்புங்க. எனக்குக் கண்ணில்லையா, பாத்துக்கமாட்டேனா?"

அவர் வாயை மூடிக்கொண்டு செருப்பை மாட்டினார்.

பாத்துக்கமாட்டேனா என்று அவள் சும்மா சொல்லவில்லை. மிஷினையே தொட்டிப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். ஒரு சட்டைக்குக் காலர் தைத்து முடித்துத் திரும்பியபோதுதான் பார்த்தாள். கூட்டிலிருந்து ஒரு முட்டை நழுவியது. மாப்பிள்ளை பாய்ந்து போய் அதைக் கவ்வினான். இன்னொன்று நழுவியது. அதையும் கவ்வினான். மெல்வதுபோல் வாயை அசைத்துக்கொண்டே கூட்டுக்கடியில் போய் நின்றான்.

"அடப்பாவி, பெத்த பிள்ளைங்களையாடா தின்னுற?"

அவருக்குப் போன் போட்டாள். பஸ் சத்தத்தில் கேட்கவில்லையோ என்னவோ, எடுக்கவே இல்லை. போன மழைக்காலத்தில் இப்படித்தான் ஒருவன் முட்டை தின்றான். "முட்டை தின்னியை வீட்டுல வைக்கக் கூடாது. அந்தப் புத்தி குஞ்சுக்கும் வரும்" என்று அன்றைக்கே அவனை வண்ணமீன் கடையில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். இன்னும் பத்து முட்டையாவது மிஞ்சட்டும் என்று அவள் ஒரு டம்ளரால் மாப்பிள்ளையை மொண்டு ஜாடியில் விட்டு, தட்டைப் போட்டு மூடினாள். முட்டைகளைக் காப்பாற்றிவிட்டோம் என்று மனசுக்குள் பெருமையாகக்கூட இருந்தது.

அப்புறம் கூட்டிலிருந்து முட்டைகள் ஒவ்வொன்றாக இறங்கத் தொடங்கின. எடுத்து வைக்க ஆளில்லை. அடிக் கண்ணாடியில் மணல் கொட்டிய மாதிரி கிடந்தன.

போன் வந்தது. அவர்தான்.

"இப்பதான் இறங்கினேன். கூப்பிட்டிருந்தியே, முட்டையெல்லாம் எப்படி இருக்கு? விழுற முட்டையை அவன் வாயில வாங்கிட்டுப் போய்க் கூட்டுல ஒட்டுவானே, பாத்தியா? தின்னுற மாதிரியே இருக்கும். ஆனா ஒண்ணுகூட முழுங்கமாட்டான். அவ்வளவு வேடிக்கையா இருக்கும்."

"ம்."

"பாத்தியா இல்லையா?"

"பாத்தேன்."

போனை வைத்த கையோடு மாப்பிள்ளையைத் தொட்டியில் திருப்பி விட்டாள். "போடா ராசா, எல்லாத்தையும் பொறுக்கி வைடா" என்று கெஞ்சினாள். மிரண்டு போயிருந்த மாப்பிள்ளை மூலைக்கு மூலை முட்டினான். பிறகு அடியில் கிடந்ததைக் கவ்வினான். கூட்டுப் பக்கம் போகவே இல்லை. அடுத்ததைக் கவ்வினான். சாயங்காலத்துக்குள் ஒன்றுமில்லை.

மறுநாள் வந்தவர் பையைக்கூடக் கீழே வைக்காமல் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்ன இது? தின்னுட்டானா?"

கேள்வியிலேயே பதில் இருந்தது. அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"நீயுமாடா மாப்பிள்ளை?" என்றார்.

அடுத்த நாள் காலையில் மாப்பிள்ளையை ஜாடியில் பிடித்து வைத்துச் சட்டையை மாட்டினார்.

"வயசானவன். ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டுமே" என்றாள்.

"பாக்கும்போதெல்லாம் மனசு கேக்காதும்மா. கடையில யாராவது அழகுக்கு வாங்கிட்டுப் போவாங்க."

அவள் மிஷினை மிதித்தாள். ஊசி தைத்த இடத்திலேயே ஓடியது. அவர் படியிறங்குகிற சத்தம் நிற்கும்வரை மிதித்துக்கொண்டே இருந்தாள். நின்றதும் வெளியூரில் இருக்கிற மகளைக் கூப்பிட்டு, நடந்ததை ஒரே மூச்சில் கொட்டினாள்.

மகள் சிரித்துவிட்டாள். "உனக்கு இது பழக்கம்தானேம்மா? கைக்குழந்தையில அப்பா என்னைக் குளிப்பாட்டும்போது, கீழ போடப் போறாருன்னு பிடுங்கினியாமே. அதுக்கப்புறம் அவர் துண்டை மட்டும் பிடிச்சுக்கிட்டு நிப்பாராம். அத்தை சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"அம்மா, இருக்கியா? இப்பவாவது ஓடு. போய்ச் சொல்லு."

கழுத்தில் அளவு நாடாவோடே ஓடினாள். தெருமுனையில் அவர் காலி ஜாடியோடு எதிரே வந்தார்.

"என்ன இந்தக் கோலம்? யாருக்கு அளவெடுக்கப் போற?"

"அவன் தின்னலைங்க."

"எவன்?"

"மாப்பிள்ளை. வாயில வச்சுத் தூக்கிட்டுப் போனான். நான்தான் தின்னுறான்னு நினைச்சுப் பிடிச்சு ஜாடியில போட்டேன். உங்க போன் வந்தப்புறம் திருப்பி விட்டேன். அப்புறம்தான் தின்னான்."

"நேத்து கேட்டேனே."

"கேட்டீங்க."

அவர் கடைப் பக்கம் திரும்பி நடந்தார். எட்டி நடக்கத் தெரியாதவர்தான், ஆனாலும் அன்று அவளால் கூடவே போக முடியவில்லை.

வண்ணமீன் கடைக்காரர் அவரைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். "அண்ணே, ராசியான கைண்ணே உங்களுக்கு. நீங்க படி இறங்கினீங்க, அது போயிடுச்சு. நல்ல மீன் கடையில நிக்குமா?"

"யாரு வாங்கினது?"

"தெரியலையே. பைக்குல வந்தாங்க, போனாங்க. புதுமுகம். ஏன்ணே, வேற ஒண்ணு தரட்டுமா?"

"வேண்டாம்."

திரும்பி வரும்போது ஜாடியை அவளிடம் கொடுக்கவில்லை, அவரே வைத்துக்கொண்டார்.

"திட்டிடுங்களேன்" என்றாள்.

"திட்டினா வந்துடுவானா?"

கொஞ்ச தூரம் போனதும் அவளே மறுபடியும் கேட்டாள். "ஏங்க, அவ குழந்தையா இருந்தப்ப குளிப்பாட்டினீங்களே. அன்னிக்கு நெசமாவே கை வழுக்கிச்சா?"

"எப்ப நடந்ததை எப்பக் கேக்குற?"

"சொல்லுங்களேன்."

"சோப்பாச்சே, வழுக்கத்தான் செஞ்சுது. ஆனா இன்னொரு கையை அடியில வச்சிருந்தேன்."

"அதை அப்பவே சொல்லியிருக்கலாமில்ல?"

அவர் ஜாடியை இடது கைக்கு மாற்றிக்கொண்டார்.

"சொல்ல ஆரம்பிச்சேன்" என்றார்.