சம்பந்தி தின்ற சிவப்புப் பழம்

தோக்தாமிஷ் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். பரங்கிக் கப்பலில் வந்த எதையும் நான் விற்கக் கூடாது. விற்றால், என் மகள் நிகாரை அவர் மகனுக்கு எடுக்க மாட்டார்.

அவர் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. இருநூறு ஒட்டகங்களை மேற்கே நடத்திப் போனவர். மிளகும் பட்டையும் கடல்வழியே போகத் தொடங்கியதும் ஒட்டகங்கள் ஒவ்வொன்றாகக் கசாப்புக்குப் போயின. மிச்சம் பதினொன்று. நானோ புகாராச் சந்தையில் சீரகம் விற்பவன். கடலைக் கண்ணால் பார்த்ததில்லை. "கப்பல் சரக்கு என் கடை வாசப்படிகூட ஏறாது சம்பந்தி" என்று தாடியைத் தொட்டுச் சத்தியம் செய்தேன். சத்தியத்தைத் தாங்குமளவுக்கு என் தாடியில் முடி கிடையாது என்பது வேறு விஷயம்.

சத்தியம் ஒன்பது நாள் உயிரோடு இருந்தது. பத்தாம் நாள் முல்தான் வியாபாரி தர்யாமல் ஒரு பையை என் கையில் திணித்தார். உள்ளே காய்ந்து சுருங்கிய குட்டிச் சிவப்புப் பழங்கள்.

"மிளகாய்னு சொல்றாங்க. பரங்கி கொண்டாந்து எறக்கினது. சும்மா வெச்சுப் பாருங்க ஹைதரண்ணே, நாளைக்கு நீங்களே தேடி வருவீங்க."

வாசலில் தோக்தாமிஷின் குரல் கேட்டது. பதறிப்போய்ப் பழங்களை அலமாரியில் இருந்த காலி மண்குடுவையில் கொட்டினேன். சம்பந்தி போனபிறகு ஒன்றைக் கடித்துப் பார்த்தேன். இருட்டும்வரை குளத்தங்கரையில் மண்டியிட்டு வாயைத் தண்ணீருக்குள் வைத்திருந்தேன். நாளைக்கே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று முடிவெடுத்தேன். முடிவெடுப்பதில் எனக்கு இணை கிடையாது.

கல்யாண நாள் வந்தது. விடியற்காலைத் தொழுகை முடிந்ததும் பெண் வீட்டில் ஆண்களுக்குப் புலாவ். சமையல்காரர் இஸ்மத் கொப்பரைக்குப் பக்கத்திலிருந்து கத்தினார்.

"அண்ணே, சிரிக் எங்க? அரிசி போடப் போறேன்!"

சிரிக் என்பது புளிப்பான காய்ந்த குட்டிப் பழம். அதுவும் சிவப்பு. அது இல்லாத புலாவைப் புகாராவில் யாரும் கல்யாணச் சாப்பாடு என்று சொல்ல மாட்டார்கள். ஓடிப்போய்க் கடை அலமாரியிலிருந்து குடுவையை எடுத்து வந்து நீட்டினேன். இஸ்மத் பார்க்காமலே கவிழ்த்து, அரிசியைக் கொட்டி மூடினார்.

காலிக் குடுவையைத் திரும்ப வைக்கப் போனபோதுதான் பார்த்தேன். சிரிக் குடுவை அதன் இடத்தில் நிறைந்து நின்றது. என் கையிலிருந்த குடுவையின் அடியில் ஒரே ஒரு பழம். அதற்குக் காம்பு இருந்தது. சிரிக்குக்கு அப்படிக் காம்பு கிடையாது.

ஓடினேன். தட்டுகள் பரிமாறியாகிவிட்டது. நடுநாயகமாகத் தோக்தாமிஷ். 'சாப்பிடாதீங்க' என்று கத்தலாம். ஏன் என்பார்கள். என்ன பழம், எங்கிருந்து வந்தது என்பார்கள். நிக்காஹ் நடத்தும் காஜி இன்னும் வரவில்லை. உள்ளறையில் நிகார் தோழிகளோடு சிரிப்பது கேட்டது. தயிர்க் கிண்ணத்தை மட்டும் கையில் எடுத்துக்கொண்டேன்.

முதல் கவளம் உள்ளே போனது. இரண்டாவதும் போனது. தோக்தாமிஷின் காதுகள் சிவந்தன.

"அடேய் இஸ்மத்து, சோத்தோட அடுப்பையும் சேத்து வெச்சுட்டியாடா?" என்று ஒரு கிழவர் இருமினார்.

தோக்தாமிஷ் கண்ணில் முட்டிய நீரைத் துடைத்தார். சாப்பிட்ட கையாலேயே துடைத்தார்.

அந்த அலறலைக் கேட்டு அவருடைய பதினொரு ஒட்டகங்களும் எழுந்து நின்றிருக்கும். தயிர்க் கிண்ணத்தோடு பாய்ந்து, அவர் தலையை மடியில் வைத்துக் கண்ணைக் கழுவினேன். கழுவிக்கொண்டே காதில் சொன்னேன்.

"சம்பந்தி, அது சிரிக் இல்ல. கப்பல்ல வந்தது. தப்பு என்னோடது. எம் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது."

அவர் கண்ணைத் திறக்கவில்லை. தாடியிலிருந்து தயிர் சொட்டியது. படுத்தபடியே கேட்டார்.

"கப்பல் எங்க வரைக்கும் வரும்?"

"குஜராத் கரை வரைக்கும்னு சொல்றாங்க."

"அங்கேருந்து?"

"மாட்டு வண்டி. முல்தான்லேருந்து... ஒட்டகம்."

"யாரோட ஒட்டகம்?"

"யாரோ ஒரு ஆப்கான்காரனோடது."

"அவன் ஒட்டகம் நொண்டிப் போக! பதினொண்ணு என் வாசல்ல சும்மா நின்னு தின்னுக்கிட்டு இருக்கு, அது உங்கண்ணுக்குத் தெரியலயா?"

கண்ணை மூடியபடியே தட்டைத் துழாவி இன்னொரு கவளம் எடுத்தார். விக்கினார். "காஜியக் கூப்பிடு" என்றார். "ஆனா ஒன் சத்தியத்த நான் மறக்க மாட்டேன்."

நிக்காஹ் நடந்தது. பனி உருகியதும் பதினொரு ஒட்டகங்களோடு தோக்தாமிஷ் முல்தானுக்குப் புறப்பட்டார். மாப்பிள்ளையையும் கூட்டிப் போனார். போய் ஐந்து மாதம் ஆகிறது. மலைக்கணவாய்களில் கொள்ளை என்று தினம் ஒருவன் வந்து சொல்கிறான். ஒரு பிடிப் பழத்தால் மருமகனை அங்கே அனுப்பியவன் நான்தான்.

நிகார் தினமும் கடைக்கு வந்து, அந்தக் காலிக் குடுவைக்கு எதிரில் உட்கார்ந்து தெருவையே பார்க்கிறாள்.

"அப்பா, ஒட்டக மணிச் சத்தம் ஏதாவது கேட்டுச்சா?"

"தூரத்துல கேக்குறாப்பல இருக்கும்மா" என்கிறேன். தாடியை மட்டும் தொடுவதில்லை.